ஊர்ப் பூங்காவின் பூட்டு

கருவேலங்காட்டான்:
எந்தப் பூங்கா என்று விளக்க வேண்டியதில்லை. 2016இல் முதல்வர் ஜெயலலிதா சட்டசபையில் 110 விதியின் கீழ் அறிவித்த 500 ஊராட்சிப் பூங்காக்களில் ஒன்று, 20 லட்சம் ரூபாய்க் கணக்கு. பொங்கலுக்குப் போனபோது மகள் ஊஞ்சல் கேட்டாள். கேட்டில் பூட்டு. சாவி, தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் இருந்தது. அவர் சைக்கிளில் வந்து, துருப்பிடித்த பூட்டில் மண்ணெண்ணெய் விட்டு, கல்லால் நாலு தட்டு தட்டித் திறந்தார். ஊஞ்சலில் சங்கிலி இருந்தது, பலகை இல்லை. சங்கிலியில் யாரோ அகத்திக்கீரைக் கட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பின்சுவர் இடிந்த வழியாக வந்த இரண்டு ஆட்டுக்குட்டிகள் முன்னங்காலைத் தூக்கித் தின்றுகொண்டிருந்தன. மகள் சிரித்தாள். எனக்குத்தான் ஆறவில்லை.

பழைய பஞ்சாயத்து:
இதெல்லாம் ஒரு பூங்காவா? எங்கள் காலத்தில் நாலு சிமெண்ட் பெஞ்சு, ஒரு வேம்பு, நடுவில் கம்பத்தில் ரேடியோக் குழாய். மாலை 6.30 மணி மாநிலச் செய்திக்கு ஊரே கூடும். 1987 டிசம்பர் 24 காலையில், எம்.ஜி.ஆர். போய்விட்டார் என்று அதில் கேட்டுத்தான் எங்கள் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு டிவி வந்தது. 2006இல் இலவசக் கலர் டிவி வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியதும் பூங்காவுக்கு ஆள் வருவது நின்றது.

கிழக்குத்தெரு:
ஊரே கூடியதா ஐயா? அதே போன்ற ரேடியோவை நாங்கள் சுவருக்கு வெளியே நின்று கேட்டோம். அந்தச் சுவர் என் இடுப்பளவுகூட இல்லை. ஒரு நாள் பந்து உள்ளே விழுந்தது. பெஞ்சில் இருந்தவர் எடுத்துக் கையில் தரவில்லை, காலால் உருட்டிவிட்டார். 45 வருடம் ஆகிறது.

பழைய பஞ்சாயத்து:
எங்கள் ஊரில் அப்படி இல்லை.

கிழக்குத்தெரு:
பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படித்தான் தெரியும்.

மனு எழுதுகிறவன்:
சண்டை வேண்டாம். எங்கள் ஊரிலும் சறுக்குமரம் உடைந்து ஒரு பையனின் தொடை கிழிந்தது, அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன். 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் ஊராட்சித் தலைவரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்தான். கட்டும்போது ஊரைக் கேட்க ஆளில்லை, கட்டியபின் பொறுப்பேற்கவும் ஆளில்லை. ஆகவே கிராம சபையில் எழுப்புங்கள். மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டம். வாயால் சொன்னால் காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஊஞ்சலுக்குப் பலகை வேண்டாம், பழைய டயர் போதும். வேலி ஓரம் புங்கன் வையுங்கள். ஆடு அவ்வளவாகக் கடிக்காது.

கருவேலங்காட்டான்:
ஆடு என்றதும் நினைவுக்கு வந்தது. கீரை கட்டியது எங்கள் சித்தியாம். அம்மா நேற்றுத்தான் சொன்னாள்.