அமிலாய்டு இழை கொடுத்தும் மைக்ரோகிளியாவில் ஐஎல்-1பீட்டா வரவில்லை: உதவி தேவை

எலிக்குட்டி மூளையிலிருந்து பிரித்த மைக்ரோகிளியாவுக்கு (மூளையின் நோயெதிர்ப்பு செல்கள்) அமிலாய்டு பீட்டா 42 இழைகளைக் கொடுத்தும் ஊடகத்தில் ஐஎல்-1பீட்டா என்ற அழற்சிப் புரதம் எழவே இல்லை. அல்சைமர் நோயில் என்எல்ஆர்பி3 இன்ஃபிளமசோமின் (கேஸ்பேஸ்-1 நொதியைத் தூண்டி ஐஎல்-1பீட்டாவை வெளிவரச் செய்யும் புரதக் கூட்டு) பங்கைப் பார்க்கும் வேலை முழுக்க இந்த ஒரு படியில் நிற்கிறது.

பிறந்து 1–2 நாளான குட்டிகள். கலப்பு கிளியா 12 நாள் வளர்ந்ததும் குலுக்கிப் பிரித்த செல்கள். செல்களை முன்தூண்ட எல்பிஎஸ் (பாக்டீரியா உறைப் பொருள்) மிலிக்கு 100 நானோகிராம், 3 மணி நேரம். கழுவிவிட்டு, சீரம் இல்லாத ஊடகத்தில் இழைகள் 5 மைக்ரோமோலார், 24 மணி நேரம்.

செல்களில் கோளாறு இல்லை. இழைக்குப் பதில், என்எல்ஆர்பி3-ஐத் தூண்டும் நைஜெரிசின் 10 மைக்ரோமோலார் கொடுத்தால் ஒரு மணி நேரத்திலேயே ஐஎல்-1பீட்டா வருகிறது, அதை அளக்கும் எலைசா தட்டு நன்றாக மஞ்சளாகிறது. புரதங்களை எடைவாரியாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 31 கிலோடால்டனில் ஐஎல்-1பீட்டாவின் முன்வடிவம் தெளிவாகத் தெரிகிறது, ஆக எல்பிஎஸ் படியும் சரி. இழைகள் அமிலாய்டு காட்டும் சாயமான தயோஃபிளேவின் டி-யில் ஒளிர்கின்றன. அளவை 10 மைக்ரோமோலாருக்கு ஏற்றியும், வேறு பேட்ச் பெப்டைடு போட்டும் பார்த்தாயிற்று.

ஒளிர்சாயம் ஏற்றிய இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிய திரளாகச் செல் சவ்வின் மேலேயே ஒட்டிக் கிடக்கின்றன; லாம்ப்1 (லைசோசோம் சவ்வுப் புரதம்) நிறமேறிய லைசோசோமுக்குள், அதாவது செல்லின் செரிமானப் பைக்குள், ஏறக்குறைய எதுவுமில்லை. இழை உள்ளே போய் லைசோசோம் கிழிந்தால்தானே கேஸ்பேஸ்-1 விழிக்கும்! இழையின் நீளத்தின் மேல்தான் சந்தேகம்.

இழை வடிவம் குலையாமல் குட்டையாக்க, சோனிகேஷனை (மீயொலி அதிர்வு) எந்த ஆற்றலில், எத்தனை விநாடி விட்டுவிட்டுக் கொடுக்கிறீர்கள்?