சென்டர் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் எது சரிப்பட்டது? (ஊர்ப்பெயர் போட்டு எழுதுங்கள்)

கருங்கல்

எங்கள் ஹாலில் இரண்டு டவர் ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் இயக்குகிற ரிசீவர் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அண்ணன் சவுதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்தவை. டிவிக்குக் கீழே நடுவில் வைத்து வசனம் பேசவைக்கிற சென்டர் மட்டும் அப்போது இல்லை. பாட்டுக்கு அருமை. படம் போட்டால்தான் தொல்லை. சோஃபாவின் நடுவில் இருப்பவனுக்கு வசனம் திரையிலிருந்து வரும். இடது ஓரத்தில் இருக்கும் அம்மாவுக்கு இடது டவரிலிருந்து மட்டும் வரும். "அவன் நடுவுல நிண்ணு பேசுகான், சத்தம் இங்கேருந்துல்லா வருது" என்பார்.

ஸ்பீக்கரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சத்தம் ஒரே நேரத்தில் வந்தால்தான் அது நடுவில் இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முந்திவிட்டால் சத்தம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆக, சென்டர் வாங்குவதே ஓரத்தில் இருப்பவர்களுக்காகத்தான். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. நடு நாற்காலியில் உட்காரவைத்து, குண்டு வெடிக்கிற காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் இரண்டு மாடல் கேட்டேன். ஒன்று நல்ல அகலம்: இரண்டு பக்கமும் ஆறு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), நடுவில் ட்வீட்டர் (கீச்சொலிக்கு). இன்னொன்று பார்க்கச் சிறியது, ஆனால் த்ரீ-வே, அதாவது ஒலியை மூன்றாகப் பங்கிடுவது. இரண்டு வூஃபர்களுக்கு நடுவில் ஒரு சின்ன மிட்ரேஞ்ச் (நடுத்தர ஒலிக்கு), அதன் தலைக்கு மேல் ட்வீட்டர். மற்ற ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, சென்டரில் மட்டும் ஒரு செய்தி வாசிப்பைப் போடச் சொன்னேன். நேரெதிரே இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. பிறகு எழுந்து பக்கவாட்டில் நடந்தேன். அகலமானதில் வாசிப்பவரின் குரல், வாய்மேல் கை வைத்துப் பேசுவதுபோல் உள்வாங்கிவிட்டது. சிறியதில் பெரிய மாற்றமில்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அகலமான பெட்டியில் இரண்டு வூஃபர்களும் ஒரே குரலைத்தான் வாசிக்கின்றன. அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். முப்பது டிகிரி விலகி உட்காருபவருக்கு ஒரு வூஃபர் மற்றதைவிட 15 சென்டிமீட்டர் தூரம். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் என்பதால், 1100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒன்றாக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பேச்சு புரிவதற்கு வேண்டிய இடம் அது. இரண்டு வூஃபருக்கு நடுவில் ட்வீட்டர் என்று 1980-களில் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜோசப் டி'அப்போலிடோ பெயர் பெறவைத்த அந்த அமைப்பு நிற்கவைப்பதற்கானது. நின்றால் இந்தக் கோளாறு மேலும் கீழும் போகும், அங்கே யாரும் உட்காருவதில்லை. டிவிக்குக் கீழே வைக்கவேண்டும் என்பதற்காகப் படுக்கப்போட்டதும் சோஃபா மேலேயே வந்து விழுகிறது. த்ரீ-வேயில் அந்த வேலை நடுவிலுள்ள ஒற்றை மிட்ரேஞ்சுக்குப் போய்விடுவதால் பிரச்சினை குறைகிறது.

விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆசாரியிடம் சொல்லி டிவி ஸ்டாண்டின் நடுத்தட்டைப் பிரித்து இடம் உண்டாக்கினோம்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

தக்கலை

அண்ணே, நான் எதிர்க்கட்சி. என் அறையில் படம் பார்ப்பது நான் ஒருவன்தான், அதுவும் சரியாக நடுவில் போட்ட ஒரே நாற்காலியில். சென்டர் வாங்கவே இல்லை. ரிசீவரில் சென்டர் 'இல்லை' என்று வைத்துவிட்டால் அந்தத் தடத்தை அதுவே இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அந்தக் காசை, அலமாரியில் வைக்கிற அளவுள்ள நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடிக்குப் போட்டேன். அப்படி வைக்காமல், சென்டரும் இல்லாமல் 5.1 (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனித் தடமுள்ள) படம் போட்டால் ஆள் வாயசைப்பார், சத்தம் வராது. இதைச் சொல்லி என்னிடம் சந்தேகம் கேட்டவர்கள் உண்டு.

குளச்சல்

எங்களுக்குக் கடல் பக்கம். எந்த மாடல் என்பதைவிடப் பின்னால் இருக்கிற முனைகளைப் பார்த்துத்தான் வாங்குவேன். இங்கே உப்புக்காற்றில் வெறும் செம்புக்கம்பியைச் செருகி வைத்தால் பச்சை பிடித்துவிடும். பிடித்தபின் சத்தம் விட்டுவிட்டு வரும், கரகரக்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று மைனி முடிவே கட்டிவிட்டார். கம்பி நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, தங்கமுலாம் பூசிய பனானா பிளக்கில் இறுக்கினேன். சரியாகிவிட்டது. வெறும் கம்பியைச் செருகுகிற ஸ்பிரிங் கிளிப் உள்ள சென்டர் கடற்கரைக்கு வேண்டாம்.

இன்னொன்று: தட்டுக்குள் தள்ளி வைக்காதீர்கள். பெட்டியின் முகம் தட்டின் விளிம்போடு நிற்கவேண்டும். உள்ளே போனால் பலகையில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்து குரல் குழம்பும். பெட்டி முழங்கால் உயரத்தில் இருக்கிறதென்றால் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்து, ட்வீட்டர் காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்துவிடுங்கள். ரப்பருக்கா நம் குமரி மாவட்டத்தில் பஞ்சம்!

நாகர்கோவில், வடசேரி

கருங்கல்காரர் சொன்னது சரி, ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. இடது, வலது ஸ்பீக்கர்களுக்கும் சென்டருக்கும் குரல் ஒத்துப்போகிறதா? கார் இடமிருந்து வலமாகத் திரையைக் கடக்கும்போது நடுவில் மட்டும் வேறு கார் ஆகிவிடக்கூடாது. அதனால்தான் ஒரே கம்பெனி, ஒரே வரிசை, முடிந்தால் அதே ட்வீட்டர் என்று சொல்கிறார்கள்.

நான் ஒரு படி மேலே போனேன். முன்னால் இருப்பது புக்‌ஷெல்ஃப் ஜோடி. சென்டருக்கும் அதே மாடலில் ஒன்று. கடையில் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். மச்சானிடமும் அதே மாடல் இருந்தது, அவருக்கும் சென்டர் வேண்டியிருந்தது. ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். மூன்றும் ஒரே மாதிரி, மூன்றும் நின்றபடி. இதைவிடப் பொருத்தமான சென்டர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. சினிமா தியேட்டரிலும் திரையின் நுண்துளைகளுக்குப் பின்னால் ஒரே மாதிரி மூன்று பெட்டிகள்தான் நிற்கும்.

இடைஞ்சல் என்னவென்றால், நின்ற பெட்டிக்கு இடம் கொடுக்க டிவியைச் சுவரில் ஏற்றவேண்டியிருந்தது. பாட்டா வந்தால் கழுத்து வலிக்கிறது என்கிறார். ஏற்ற முடியாதவர்கள் அதே பெட்டியைப் படுக்கப்போடலாமா என்று கேட்பார்கள். சாதாரணப் பெட்டியானால் வேண்டாம். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரைப் பதித்த கோஆக்சியல் வகையானால் தாராளமாகப் போடலாம். கெஃப் கம்பெனி 1988-இல் யூனி-கியூ என்று கொண்டுவந்தது அந்த வகைதான். நின்றாலும் படுத்தாலும் அதற்கு ஒன்றே.

நடுவில் ஒரு தடம் என்பது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1933-இல் பெல் ஆய்வகத்தார் பிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் அரங்கில் கேட்கவைத்தபோதே மூன்று தடம் வைத்தார்கள். வீடுகளுக்கு அது ஒழுங்காக வந்து சேர்ந்தது 1987-இல் டால்பி புரோ லாஜிக்கோடு.

குலசேகரம்

எல்லாரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் இப்போது கட்டுகிற வீடுகளைப் பாருங்கள். தரை முழுக்க வழுவழு டைல்ஸ், சுவர் வெறுமை, கூரை கான்கிரீட். கை தட்டினால் கணீர் என்று திரும்புகிறது. அந்த ஹாலில் எவ்வளவு விலையுள்ள சென்டரை வைத்தாலும் வசனத்தின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறும். நாங்கள் சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடித்த கம்பளமும், பக்கத்து ஜன்னல்களுக்குக் கனத்த திரையும் போட்டோம். ஸ்பீக்கர் மாற்றியதைவிட வித்தியாசம் அதில்தான் தெரிந்தது. மலையாளப் படம் நிறையப் பார்க்கிற வீடு எங்களுடையது. படப்பிடிப்பிலேயே பதிவுசெய்த, மெதுவாகப் பேசுகிற வசனம் அதிகம். முன்பெல்லாம் சப்டைட்டில் இல்லாமல் முடியாது.

மழைக்கு மட்டும் வைத்தியமில்லை. எங்கள் மாடியறைக்குத் தகரக் கூரை. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே வந்து கொட்டுகிற மலையடிவாரம் இது. பெய்யத் தொடங்கினால் படத்தை நிறுத்திவிட்டுக் கட்டன்சாயா போடவேண்டியதுதான்.

கருங்கல்

கம்பளம் விஷயத்தில் குலசேகரம் அண்ணாச்சி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓரத்து இருக்கையில் குரல் உள்வாங்குவதைக் கம்பளம் மாற்றாது. அது பெட்டியின் அமைப்பு.

வாங்கியபின் செய்யவேண்டியதைச் சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். சென்டரை ரிசீவரில் 'சிறியது' என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். அதற்குக் கீழே சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். இருக்கைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து ரிசீவரில் போடுங்கள். ரிசீவரே போட்டுக்காட்டுகிற டெஸ்ட் டோனில் (சோதனை ஒலியில்) எல்லா ஸ்பீக்கரும் உங்கள் இருக்கையில் ஒரே அளவுக்கு வந்தபிறகு, சென்டரை மட்டும் இரண்டு டெசிபல் ஏற்றினால் வசனம் தெளிவாகும். அதற்கு மேல் ஏற்றினால் படம் ரேடியோ நாடகம் ஆகிவிடும். டிவி சீரியல் போன்ற, இரண்டே தடமுள்ள ஸ்டீரியோ நிகழ்ச்சிகளுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது நியூரல் எக்ஸ் மோடு போடுங்கள். இல்லாவிட்டால் சென்டர் சும்மா இருக்கும்.

அஞ்சுகிராமம்

நான் பார்த்துவைத்த சென்டரில் 4 ஓம் (மின்தடை அளவு) என்று போட்டிருக்கிறது. பழைய ரிசீவர். மாட்டலாமா அண்ணே?

கருங்கல்

ரிசீவரின் பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள் தம்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். 4 ஓம் என்றோ 4 முதல் 16 வரை என்றோ இருந்தால் மாட்டலாம். 6 முதல் என்று இருந்தால் சத்தம் கூட்டும்போது சூடேறி அணைந்துபோகலாம், அந்த மாடலை விட்டுவிடுங்கள். அதோடு சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, எத்தனை டெசிபல் என்றும் பாருங்கள். 85-க்கும் 88-க்கும் மூன்றுதான் வித்தியாசம் என்று தோன்றும். அதே சத்தத்துக்கு 85-க்காரன் இரண்டு மடங்கு வாட்ஸ் கேட்பான்.