தரங்கம்பாடியை ஒரு பகலில் காண வழிகாட்டல் தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். முழங்கால் வலியால் நெடுந்தூரம் நடக்க இயலாத என் தாயாரை அடுத்த மாதம் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையையும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டுள்ள புதிய எருசலேம் ஆலயத்தையும் அவர் அவசியம் காண விரும்புகிறார். எனக்கோ மாசிலாமணிநாதர் கோயில்தான் முதன்மையானது. சிறுவயதில் அங்கே உப்பேறிப் பொரிந்திருந்த ஒரு செங்கல்லைத் தொட்டபோது, அது மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

நகர வாயிலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கோட்டை வரை கார் செல்ல அனுமதி உண்டா என்பதையும், கோட்டையின் மேல்தளத்திற்குச் செல்லும் படிகள் எந்த அளவுக்குச் செங்குத்தானவை, பிடித்து ஏறக் கைப்பிடி உள்ளதா என்பதையும் அண்மையில் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தின் விடுமுறை நாள் எது? வெயிலைத் தவிர்க்கக் காலையில் கோட்டை, மாலையில் கோயில் என்று வைத்துக்கொண்டால், நண்பகலில் முதியவர் ஒருவர் படுத்து ஓய்வெடுக்க அங்கேயே அறை கிடைக்குமா, அல்லது காரைக்காலுக்குச் செல்வதுதான் வசதியா என்பதையும் கூற வேண்டுகிறேன்.