ஒரே லாட் கணவாய்க்கு இரண்டு காட்மியம் அளவுகள்: எந்த அறிக்கையை ஏற்பது?

கேள்வி (தரக்கட்டுப்பாட்டாளர், தூத்துக்குடி)

வணக்கம். கடலுணவைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டைக் கவனித்து வருகிறேன். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்காக உறைய வைத்து, ஒரே லாட்டாக, அதாவது ஒரே எண் கொண்ட சரக்குத் தொகுதியாகப் பதிந்த ஏறத்தாழ 4 டன் ஓட்டுக் கணவாயிலிருந்து மாதிரி எடுத்து இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். நச்சு உலோகமான காட்மியம் கிலோவுக்கு 0.82 மில்லிகிராம் என்று ஓர் அறிக்கையும், 1.14 மில்லிகிராம் என்று மற்றோர் அறிக்கையும் வந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/915 எண் ஒழுங்குமுறைப்படி கணவாய் வகைகளுக்கான உச்ச வரம்பு 1.0 மில்லிகிராம். இரண்டு ஆய்வகங்களும் நுண்ணளவு உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியையே பயன்படுத்தியுள்ளன. அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது உண்மை அளவு கூடியோ குறைந்தோ இருக்கக்கூடிய வீச்சு, இரண்டிலும் 20 விழுக்காடு. ஈயமும் பாதரசமும் வரம்புக்கு வெகு கீழே உள்ளன. முதல் அறிக்கையை வைத்துச் சரக்கை அனுப்பிவிடலாம் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (ஆய்வக வேதியியலாளர்)

உங்கள் மனம் ஒப்பாதது சரியே. முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. 20 விழுக்காட்டைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் முதலாவது 0.66 முதல் 0.98 வரையும், இரண்டாவது 0.91 முதல் 1.37 வரையும் விரிகின்றன. இடையில் ஒரு பகுதி இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. ஆகவே எந்த ஆய்வகம் தவறு செய்தது என்று தேடுவதற்கு முன், இரண்டு மாதிரிகளும் உண்மையில் ஒரே பொருளா என்று கேளுங்கள்.

ஐரோப்பிய அதிகாரிகள் பின்பற்றும் 333/2007 எண் ஒழுங்குமுறைப்படி, 500 கிலோவுக்கு மேற்பட்ட லாட்டில் குறைந்தது 10 இடங்களிலிருந்து சிறு மாதிரிகளை எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிலோவுக்குக் குறையாத கூட்டு மாதிரியாக்க வேண்டும். கைக்கு எட்டிய ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து இரண்டு துண்டுகளை அனுப்பியிருந்தால், வந்த எண் அந்த இரண்டு துண்டுகளுக்கானதே தவிர 4 டன்னுக்கானது அன்று.

ஆய்வகங்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எடை போடும் முன் துண்டுகளின் மேலிருந்த பனிப்பூச்சை நீக்கினார்களா? நீக்காவிட்டால் தண்ணீரின் எடையும் சேர்ந்து காட்மியம் குறைவாகத் தோன்றும். நைட்ரிக் அமிலத்தில் செரிக்க (கரைய) வைத்தபோது, காட்மிய அளவு முன்பே தெரிந்த சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளையும் உடன் வைத்து ஓட்டினார்களா, அதில் மீட்பு, அதாவது இருப்பதில் அவர்கள் கண்டறிந்த பங்கு, எத்தனை விழுக்காடு? தசையை மட்டும் அரைத்தார்களா, ஒட்டியிருந்த உள்ளுறுப்பு மிச்சங்களும் சேர்ந்தனவா?

1.14 வந்தாலும் நிச்சயமின்மையைக் கழித்தால் 0.91தானே, அதிகாரிகள் தள்ளமாட்டார்களே என்று சிலர் வாதிடுவார்கள். விதி அப்படித்தான் இருக்கிறது: ஐயத்துக்கு இடமின்றி வரம்பைத் தாண்டினால் மட்டுமே அவர்கள் நிராகரிப்பார்கள். ஆனால் அந்தச் சலுகை அவர்களுடைய அளவீட்டுக்கு உரியது, நம்முடையதற்கு அன்று. அனுப்புகிறவர் நிச்சயமின்மையைக் கூட்டிய பிறகும் வரம்புக்குள் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் நல்ல அறிக்கையே மயிரிழையில்தான் தேறுகிறது.

பதில் 2 (பதப்படுத்தும் கூடத்தில் நெடுநாள் பணியாற்றியவர்)

மேலே சொன்னதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் காட்மியத்தை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாமே ஒழியக் குறைக்க முடியாது. கணவாயின் உடலில் காட்மியம் தங்கும் இடம், நாம் ஈரல் என்று சொல்லும் செரிமானச் சுரப்பி. அங்குள்ள செறிவு தசையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. உயிருடன் இருக்கும்வரை அது அங்கேயே கட்டுண்டு கிடக்கும். செத்த பிறகு சுரப்பி கரையத் தொடங்கும். குடலோடு உறைய வைத்து மீண்டும் உருக்கினால் அந்தச் சாறு தசைக்குள் இறங்கும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போனது வெளியே வராது.

ஆகவே அந்த லாட்டில் எத்தனை படகுகளின் மீன்பாடு கலந்திருக்கிறது என்று பதிவேட்டில் பாருங்கள். நாலைந்து நாள் தங்கல் போட்டு வரும் விசைப்படகின் கணவாயும், அன்றன்று கரை திரும்பும் படகின் கணவாயும் ஒன்றல்ல. பெண்கள் குடல் எடுக்கும் மேசையையும் ஒருமுறை நின்று பாருங்கள். எடைக்குக் கூலி என்று வேகப்படுத்தினால் சுரப்பி கிழியும். கிழிந்த சாறு அதே தொட்டித் தண்ணீரில் கலந்து அடுத்த துண்டுகளிலும் படியும். நான் இருந்த கூடத்தில் தொட்டியை விட்டு ஓடும் நீரில் கழுவ வைத்தோம், சுரப்பி கிழிந்தவற்றைத் தனித் தட்டில் ஒதுக்கினோம். கத்தியைப் பிடிப்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே கவனமாகச் செய்வார்கள்.

பதில் 3 (வாசகர்)

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். வீட்டில் வாரம் ஒருமுறை கணவாய் சமைக்கிறோம். நாங்கள் அஞ்ச வேண்டுமா?

பதில் 4 (ஆய்வக வேதியியலாளர்)

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வகுத்தபடி, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் காட்மியம் வரை ஏற்கத்தக்கது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 மைக்ரோகிராம். வரம்பைத் தொடும் கணவாயில் 150 கிராம் உண்டாலே அதை எட்டிவிடலாம், சோற்றிலும் காய்கறியிலும் வருவது வேறு. ஆனால் இது ஆயுள் முழுவதும் தொடரும் உட்கொள்ளலுக்கான அளவு. காட்மியம் சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள் தங்குவதால்தான் இவ்வளவு எச்சரிக்கை. புதிதாக வாங்கி, ஈரலைக் கிழிக்காமல் அன்றே நீக்கிவிட்டுச் சமையுங்கள். ஈரலைக் குழம்பில் சேர்க்காதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன். முதல் மாதிரி கரைக்கு வந்த அன்றே சுத்தம் செய்த சரக்கிலிருந்து எடுத்தது. இரண்டாவது, ஆள் பற்றாக்குறையால் இரவு முழுவதும் குடலோடு ஐஸில் கிடந்த சரக்கிலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒரே லாட் எண்ணில் பதிந்தது எங்கள் பிழை. சரக்கை நிறுத்தி வைத்து, சுத்தம் செய்த நாள் வாரியாக இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் 10 இடங்களிலிருந்து மாதிரி எடுத்துத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அறிக்கை வந்ததும் இங்கேயே பதிகிறேன்.