ரூபாட்டோ: ‘நெகிழ்லயம்’ போதுமா?

> ‘டெம்போ ரூபாட்டோ’ என்பதை ‘திருடிய காலம்’ என்று நேராகப் பெயர்த்தால் ஒட்டவில்லை. ‘நெகிழ்லயம்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். மேற்கத்திய இசையில் மெட்டைச் சற்றே தயங்கியும் முந்தியும் வாசிப்பதைத்தான் ‘டெம்போ ரூபாட்டோ’ என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

‘திருடிய காலம்’ வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ‘நெகிழ்லயம்’ என்று படிக்கும் மாணவர், லயம் முழுவதுமே தளர்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் (1810–1849) மாணவர்களிடம் கண்டித்ததே அதைத்தான்.

அவரிடம் பயின்ற கரோல் மிகுலி சொல்லியிருப்பது இது: ஷோப்பானின் பியானோமேல் மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவி) எப்போதும் இருக்கும். துணைக்கு வாசிக்கும் கை காலப்பிரமாணம் பிசகாது; மெட்டைப் பாடும் கை மட்டும் சில இடத்தில் தயங்கும், சில இடத்தில் முந்தும். இடது கைதான் இசைக்குழுவை நடத்துபவர் என்று ஷோப்பான் சொன்னதாக இன்னொரு மாணவர் லென்ஸ் எழுதினார். காற்றில் இலைகள் ஆடும், அடிமரம் அசையாது என்று பியானோக் கலைஞர் லிஸ்ட் காட்டிய உவமையும் இதற்குத்தான்.

இந்த வழக்கம் பியானோவில் பிறந்ததும் அல்ல. 1723-இல் இத்தாலியப் பாடகர் டோஸி, பாடுபவர் காலத்தைத் திருடலாம், ஆனால் திறமையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். 1777-இல் மோட்சார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்திலும், மெதுவான பகுதிகளில் தன் இடது கை கட்டுக்குள்ளேயே நிற்பதைக் கண்டு மற்றவர்கள் வியக்கிறார்கள் என்று இருக்கிறது. இத்தாலிய ஓபராப் பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று ஷோப்பான் மாணவர்களை அனுப்பியதும் இந்த மரபை அறிந்துதான்.

எடுத்ததைத் திருப்ப வேண்டும் என்றால் அது திருட்டே அல்ல. அதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கைமாற்று. பத்திரம் இல்லை, வட்டி இல்லை, நாலு நாளில் திரும்பிவிடும். ஒரு கை எடுப்பதை இன்னொரு கை காத்து நிற்கிறது என்ற பொருளும் தானாகவே வந்து அமைகிறது. அதனால் என் பரிந்துரை: கைமாற்று லயம்.

‘காலம்’, ‘நடை’ இரண்டையும் வேண்டுமென்றே தவிர்த்தேன். முதல் காலம், இரண்டாம் காலம், திஸ்ர நடை என்று கர்நாடக இசையில் அவற்றுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அதீதம், அனாகதம் என்பவை எடுப்பு (பாட்டு தொடங்குவது) தாளத்தில் விழும் இடத்தைக் குறிப்பவை. மெட்டு போகிற வழியெல்லாம் ஊசலாடுவதைச் சொல்ல அவை போதா.

> கைமாற்று என்பது கடைத்தெருச் சொல். தவிர, இரு கைகளும் சேர்ந்து வளைவதையும் ரூபாட்டோ என்றுதானே சொல்கிறார்கள்?

கடைத்தெருச் சொல் என்பதே அதன் பலம். விளக்கக் குறிப்பு இல்லாமல் புரியும். இரண்டாவது கேள்வி நியாயமானது. ஷோப்பானே மசூர்க்கா என்னும் போலந்து நடன வகை இசையை வாசித்தபோது மூன்று எண்ணிக்கை நான்காகக் கேட்டது என்று பியானோக் கலைஞர் ஹாலே சொல்லியிருக்கிறார். அங்கே அளவே வளைந்துவிட்டது. அந்த வகைக்கு உங்கள் ‘நெகிழ்லயம்’ இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

ஓபஸ் (படைப்பு எண்) 24-க்குப் பிறகு ஷோப்பான் ‘ரூபாட்டோ’ என்று எழுதுவதையே விட்டுவிட்டார். தெரிந்தவருக்கு அந்தச் சொல் தேவையில்லை, தெரியாதவருக்கு அது எதையும் சொல்லவில்லை என்பதை லிஸ்ட் காரணமாகக் காட்டுகிறார். நாம் வைக்கும் சொல்லுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஓபஸ் 15-இன் மூன்றாவது நாக்டர்ன் (இரவின் மனநிலையைக் காட்டும் பியானோ இசை) தொடக்கத்தில் ‘லாங்குயிதோ எ ரூபாட்டோ’ என்று குறித்திருக்கிறார். ‘சோர்ந்து, கைமாற்றாக’ என்று போட்டால் வாசிப்பவருக்கு விளங்குமா? பியானோ கற்பிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.