மறு: லாஸ்ட் மைல்: 'கடைசி மைல்' எதற்கு, 'கடைமடை' இருக்கிறதே

அன்பு நண்பர்களே, வணக்கம்.

பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் இணைக்கும் நாடு தழுவிய பிராட்பேண்ட் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், லாஸ்ட் மைல், அதாவது இணைப்பு பயனரை வந்து சேரும் கடைசித் துண்டு, இதற்குத் தமிழில் என்ன போடலாம், 'கடைமடை' சரிவருமா என்று போன வாரம் கேட்டது நான்தான். கேட்டுவிட்டுக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். உட்கார்ந்து எல்லா மடல்களையும் இன்றுதான் படித்து முடித்தேன்.

வந்தவற்றில் 'கடைசி மைல் இணைப்பு' அப்படியே பெயர்த்தது. மைலை நாம் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, மைல்கல்லில்கூட இப்போது கிலோமீட்டர்தான் போட்டிருக்கிறார்கள். 'இறுதிக்கல்' என்று வீட்டில் படித்துக் காட்டினேன், "அது சுடுகாட்டில் நடுவதா?" என்று கேட்டுவிட்டார்கள், அதோடு அது போயிற்று. 'முனை இணைப்பு' தவறில்லை, ஆனால் எந்த முனை? 'கடைக்கோடி இணைப்பு' எனக்குப் பிடித்தது. இரண்டு நாள் அதையே வைத்து எழுதியும் பார்த்தேன். ஆனால் கடைக்கோடி வெறும் இடம். அங்கே ஒன்று வந்து சேர வேண்டும், வழக்கமாகச் சேர்வதில்லை என்பது அந்தச் சொல்லில் இல்லை.

அது இருக்கிற சொல் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு: கடைமடை.

டெல்டாக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அணையில் போதுமான நீர் இருந்தால் ஜூன் 12 மேட்டூரைத் திறப்பது வழக்கம், தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு கிளை வாய்க்கால்களாகி, பேராவூரணி, நாகுடி பக்கமெல்லாம் கடைசி வயலான கடைமடையில் போய் முடியும். முடிய வேண்டும். அணையில் நீர் நிறைந்திருக்கும் ஆண்டிலும் 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்று செய்தி வரும், அதனால் வயலைப் பார்க்காத சென்னைக்காரருக்கும் இந்தச் சொல் தெரியும்.

இப்போது வலையமைப்புக்கு வாருங்கள். (வலையமைப்பா, வலைப்பின்னலா, பிணையமா என்ற பழைய சண்டையை யாரும் மறுபடி கிளப்பாதீர்கள், தயவுசெய்து.) 1986இல் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான எர்நெட் வலையமைப்பு தொடங்கியபோது முதலில் இணைந்தவை ஐந்து ஐஐடிகள், பெங்களூர் ஐஐஎஸ்சி போன்ற பெரிய இடங்கள். பிறகு தேசிய அறிவு வலையமைப்பு. 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது, சுமார் 1,500 நிறுவனங்களை இணைப்பது திட்டம். பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், தேசிய நிறுவனம், எல்லாம் தலைமடை. அங்கே ஜிகாபிட் கணக்கில் பாய்கிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கிராமத்துக்கு என்று வந்தது 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசிய ஒளியிழைத் திட்டம், 2015இலிருந்து பாரத்நெட் என்று பெயர். சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு நொடிக்கு 100 மெகாபிட். ஏற்கெனவே ஊராட்சி ஒன்றியம் வரை கிடந்த இழையைப் பயன்படுத்திக்கொண்டு அங்கிருந்து ஊராட்சி வரை புதிதாக இழுப்பது என்பது திட்டம். ஊராட்சி வரை! பள்ளி வரை என்று இல்லை. எல்லா அரசு இடைநிலைப் பள்ளிகளுக்கும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரத்நெட் வழியாக இணைப்பு தரப்படும் என்று அறிவிக்க 2025 பட்ஜெட் வரை ஆனது.

போன மாதம் கட்டுரைக்காக ஒரு ஊருக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே கருவி, ஒரே ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்கு மேலே ஆணியில் கருப்பு வடம் சுருட்டி மாட்டியிருந்தது, சைக்கிள் டியூப் மாதிரி. "இது எங்கே போகணும்?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்குங்க" என்று கையைக் காட்டினார் எழுத்தர். பள்ளிக்கூடம் அங்கிருந்தே தெரிகிறது, நடுவில் ஒரு குளக்கரை, நாலு புளியமரம். போய்ப் பார்த்தால் தலைமையாசிரியர் தன் செல்போனை ஜன்னல் கம்பிக்கு நடுவில் செருகி வைத்து, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்து வருகைப்பதிவை ஏற்றிக்கொண்டிருந்தார். "மழை வந்தா போனும் போயிடும் சார், சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஏத்துவேன்" என்றார். கடைமடை என்ற சொல் எனக்குத் தோன்றியது அந்த ஜன்னல் பக்கத்தில்தான். அதற்கு முன் இரண்டு நாள் அகராதி புரட்டியும் தோன்றவில்லை.

இனி ஆட்சேபங்கள்.

> எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி. கடைமடை எண்டால் ஆருக்கு விளங்கும்?

யாழ்ப்பாணத்து அண்ணை கேட்டது நியாயம். வாய்க்கால் பாசனம் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு உடனே படம் விரியாது. ஆனால் 'மடை திறந்த வெள்ளம்' உங்களுக்கும் தெரியும், 'கடை'யும் தெரியும், இரண்டையும் சேர்த்தால் ஒரு தரம் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். கடைசி மைலுக்கும் ஒரு தரம் விளக்கம் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, மைல் கணக்கில்லையே அது.

> லாஸ்ட் மைல் என்பதே கம்பெனி பார்வை. பயனரிடமிருந்து பார்த்தால் அதுதான் முதல் மைல்.

இதை எழுதிய அம்மாவுக்கு நன்றி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கிராமப்புற இணைப்புக்காக வாதாடுபவர்கள் ஆங்கிலத்திலேயே ஃபர்ஸ்ட் மைல் என்று திருப்பிச் சொல்வதுண்டு. ஆனால் கடைமடையில் அந்தக் கோளாறு குறைவு என்பது என் எண்ணம். 'நாங்க கடைமடை விவசாயிங்க' என்று அங்கே இருப்பவர்களே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், மனுவிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மேலிருந்து வைத்த பெயராக அது ஒலிப்பதில்லை.

'மடை' என்றால் மடையன் நினைவு வருகிறது என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

உவமை எங்கே உடையும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், யாராவது பிடிப்பதற்கு முன். வாய்க்காலில் மேல்மடைக்காரர் கூடுதலாக எடுத்தால் கீழே குறையும். ஒளியிழையில் அப்படித் திருட முடியாது. ஒன்றியத்திலிருந்து வரும் ஒரே இழை வழியில் ஸ்பிளிட்டர் வைத்து 8, 16, 32 என்று பிரியும், கீழே வரும் ஒளி எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாகவே வரும், அவரவர் தனக்கு உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மேலே அனுப்பும்போதுதான் முறை: ஒன்றியத்தில் இருக்கும் கருவி ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் ஒதுக்கும், அந்த நேரத்துளியில் அது மட்டும் பேசலாம், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இது அப்பட்டமான முறைப்பாசனம்! அதனால் அதற்கு 'முறைவைப்பு' என்று கட்டுரையில் போட்டுவிட்டேன், யாருக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ஆனால் கடைமடைக்கு வராமல் போவதற்குக் காரணம் மேல்மடைக்காரர் இல்லை. சாலை போடும்போது வடம் அறுந்தது, மின்சாரம் இல்லை, பேட்டரி செத்தது, அறுந்ததை ஒட்ட வேண்டிய ஆள் யார் என்று எழுதி வைக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீரை முறையாகத் திருப்பிவிட நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், ஊர் அவருக்கு நெல் அளந்தது. இந்தப் பெட்டிக்கு அப்படி யாரும் இல்லை. (நெட்வொர்க் அட்மினுக்கு நீர்க்கட்டி என்று உடனே புது மடல் இழை தொடங்கிவிடாதீர்கள். கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது.)

எல்லை ஒன்று வைத்துக்கொள்ளலாம். கூரியர்காரர்களும் மெட்ரோ ரயில்காரர்களும் லாஸ்ட் மைல் என்கிறார்கள், ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போவதைக் கடைமடை என்றால் சிரிப்பார்கள், அதற்கு வேறு சொல் பாருங்கள். நான் கேட்பது குழாய், கம்பி, இழை என்று தலையிலிருந்து பிரிந்து பிரிந்து வருவனவற்றுக்கு மட்டும்: கடைமடை இணைப்பு, கடைமடைப் பள்ளி, தேவைப்பட்டால் தலைமடை.

பிராட்பேண்டுக்கு அகலப்பட்டை, அகலக்கற்றை, அகலப்பாட்டை என்று மூன்று வந்திருக்கின்றன. 2ஜி வழக்குக்குப் பிறகு அலைக்கற்றை டீக்கடை வரை போய்விட்டதால் 'அகலக்கற்றை' என்று எழுதுகிறேன். அகலம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், 2004இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டையே அகலம் என்றது, 2023இலிருந்து 2 மெகாபிட்.

கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். ஸ்பிளிட்டருக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'பிரிப்பான்' என்றால் பாலைப் பிரிக்கும் இயந்திரம் மாதிரி இருக்கிறது. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் அளவு பார்த்துக் கல் வைத்திருப்பார்களே, அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? தெரிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.