மடியில் ஏறித் தூங்கும் சேவல் இப்போது இறக்கையைத் தொங்கவிட்டுச் சுற்றுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (கோபிச்செட்டிப்பாளையம் பக்கம்)

வணக்கங்க. எங்களது தோட்டத்து வீடு. சிறுவிடைங்கற நாட்டுக்கோழி இனத்துல ஆறு பெட்டை, ஒரு பெரிய வெள்ளைச் சேவல், அப்புறம் எங்க செவலை. அவனைப் பத்தித்தான் கேட்கணும்.

அடை வச்சதுல கடைசியாப் பொரிச்சவன் இவன். மத்த குஞ்சுகளைக் கூட்டிட்டுத் தாய்க்கோழி இறங்கிப் போயிருச்சு. இவன் ஓட்டைப் பாதி உடைச்சுட்டுக் கத்திட்டுக் கிடந்தான். அட்டைப்பெட்டியில குண்டு பல்பு போட்டு, நொய்யரிசியும் கரையானும் கொடுத்து நான்தான் வளர்த்தேன். இப்போ எட்டு மாசம்.

சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்தாப் போதும், மடியில ஏறிக் கழுத்தை என் முழங்கை மேல நீட்டிக்குவான். காதோரம் சொறிஞ்சு விட்டா, கீழ் இமை மெதுவா மேல ஏறிக் கண்ணு மூடும். வெட்டுக்கிளி பிடிச்சா அவன் தின்னறதே இல்லைங்க. என் கால்கிட்டக் கொண்டாந்து போட்டு "டொக் டொக்"னு கூப்பிடுவான். நான் எடுக்கலைன்னா மறுபடி கவ்வி, மறுபடி போடுவான். எத்தனையோ கோழி வளர்த்திருக்கேன், இப்படி ஒரு சீவனைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளா ஒரு பக்க இறக்கையைத் தரையில உரசத் தொங்கவிட்டு என் காலைச் சுத்திச் சுத்தி வர்றான். நேத்து செருப்பைக் கொத்திட்டான். கால்ல முள்ளும் வந்துருச்சு. வீட்டுல மூணு வயசுப் பையன் இருக்கான். "கையில வளர்த்த சேவல் ஒருநாள் மூஞ்சியிலதான் பாயும், கருப்பராயனுக்கு நேர்ந்து விட்டுரு"ங்கறாங்க மாமியார். எனக்கு மனசு வரலை. அவனையும் வச்சுக்கணும், குழந்தைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. வழி சொல்லுங்க.

பதில் (திண்டுக்கல்)

தங்கச்சி, அந்த இறக்கை ஆட்டம் சேவல் பெட்டையை மிதிக்கப் போறப்ப ஆடுறது. இன்னொரு சேவலை மிரட்டுறப்பவும் அதையே ஆடும். வெட்டுக்கிளியைப் போட்டுக் கூப்பிடுறதும் பெட்டைக்குச் செய்யற வேலைதான். உங்களை அவன் தன் கூட்டத்துல ஒரு ஆளா எடுத்துக்கிட்டான். அந்தப் பாசம் பொய் இல்ல. ஆனா மனுசங்ககிட்டப் பயமே இல்லாம வளர்ந்த சேவலுக்குப் பருவம் வந்தா, நம்மகிட்டயும் பலம் பார்க்கும். செருப்பைக் கொத்துனது அதுதான்.

ஒண்ணு கவனிச்சீங்களா, வெள்ளை இவனைப் பெட்டைக பக்கம் விடுதா? விடாது. ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை இருக்கலாம். ஆறு பெட்டைக்கு ரெண்டு சேவல்னா இளசுதான் ஒதுங்கும். அவனுக்குன்னு இருக்கிறது நீங்க மட்டும். தோட்டத்துல ஒரு மூலையை வலையடிச்சுப் பிரிச்சு, இன்னும் கொஞ்சம் பெட்டை வாங்கி அவனோட விடுங்க. இளம் வெடைக வேண்டாம். முட்டையிட்டுப் பழகின பெட்டையா இருக்கட்டும், மரியாதை இல்லாம வந்தா அதுகளே ஒரு கொத்துக் கொத்தி ஒழுங்கு படுத்தும்.

கொத்த வந்தா எத்தாதீங்க, குச்சி எடுக்காதீங்க. சண்டைக்கு ஆள் வந்தாச்சுன்னு நினைச்சுக்குவான். பயந்து பின்னாடியும் போகாதீங்க. நின்ன இடத்துல நில்லுங்க. அடங்கலைன்னா இறக்கையோட சேர்த்துப் பிடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க. உடம்பு தளர்ந்த பிறகு இறக்கி விடுங்க. ஆட்டம் போடுறப்ப மடி கிடையாது. சும்மா வந்தான்னா தாராளமா ஏத்திக்கங்க.

பதில் (நாமக்கல்)

கால்நடை மருந்தகத்துல வேலை பார்க்கிறேன். பையனைச் சேவலோட தனியா விடவே கூடாதுங்க. அவன் கண்ணும் சேவல் பாயுற உயரமும் ஒண்ணு. முள்ளை அடியோட வெட்டிராதீங்க, உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கு. நுனியை மட்டும் அரத்தால ராவி மழுக்கினாப் போதும்.

இன்னொண்ணு. வீட்டுக்குள்ள வளர்ந்த குஞ்சுக்குத் தடுப்பூசி விட்டுப்போறது ரொம்பச் சாதாரணம். முதல் வாரத்துல கண்ணு, மூக்குல சொட்டு மருந்து விட்டீங்களா? எட்டாவது வாரத்துக்கு மேல போடற வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான ஊசி போட்டாச்சா? இல்லைன்னா முதல்ல அதை முடிங்க. கழிச்சல் வந்தா வைத்தியம் கிடையாது, வேணுங்கிற உயிர் கண்ணு முன்னால போயிரும். மடியில வச்ச கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டணும். பையன் அதுக்கு முத்தம் கொடுக்கறதும் வேண்டாம்.

பதில் (தேனி)

கையில வளர்த்ததெல்லாம் பாயும்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்க கருப்பனும் பெட்டியில வளர்ந்தவன்தான். கடைசி வரைக்கும் ஒரு ஆளைக் கொத்தினதில்லை, அவனுக்குக் கூட்டம் நிறைய இருந்துச்சு. உங்க செவலைக்கும் அது அமைஞ்சா மாறுவான். கோயிலுக்கு இப்பவே நேர்ந்துராதீங்க அக்கா.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். திண்டுக்கல் அண்ணா சொன்னதை இன்னைக்கு நின்னு பார்த்தேன். தீவனம் போட்டதும் வெள்ளை துரத்துது, இவன் நேரா என் சேலைக்குப் பின்னாடி வந்து நிக்கறான். மடிக்கு ஓடி வர்றதுல பாதி இதுனாலதான் போல. அது தெரிஞ்சதும் அவன்மேல பாசம் இன்னும் கூடிருச்சு. மூலையைப் பிரிக்கப் போறோம். சொட்டு மருந்து விட்டாச்சு, அந்த ஊசிதான் போடலை, நாளைக்கே தூக்கிட்டுப் போறேன். வீட்டுல பழைய மீன்வலை கிடக்குது, அது போதுங்களா?

பதில் (திண்டுக்கல்)

மீன்வலை வேண்டாம் தங்கச்சி, காலும் முள்ளும் சிக்கிக்கிரும். கம்பிவலை வாங்குங்க, ஆறடிக்குக் குறையாம. சிறுவிடை நல்லாப் பறக்கும். அடியில ஒரு சாண் மண்ணுக்குள்ள இறக்கி விட்டா கீரிப்பிள்ளையும் நுழையாது. கீழ்ப்பாதிக்கு ஓலைத் தட்டி வச்சு மறைச்சிருங்க, இல்லைன்னா வெள்ளையும் செவலையும் வலைக்கு ரெண்டு பக்கமும் நின்னு நாள் பூரா முட்டிக்கிட்டே இருக்கும்.